சுத்தமான சளி

என் அக்காவுக்கு எங்கள் தெருவில் சுகாதாரத் துறை என்று பெயர். வைத்தவன் நானில்லை. நான் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் காரமாக இருந்திருக்கும். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் கிடக்கும் செருப்பை நேராக்குவார். பக்கத்து வீட்டு அம்மாள் குப்பைக் கூடையை மூடுவாள். தபால்காரர் அவள் வீட்டு மணியை விரலால் அமுக்காமல் முழங்கையால் அமுக்கப் பழகிக்கொண்டுவிட்டார்.

வேலையும் அதற்கேற்ற வேலைதான். வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகள் தைக்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். வரிசையாக மேசைகள், மேலே டியூப்லைட், எதிரே சட்டைமலை. காலரில் எண்ணெய்க் கறை, பட்டன் ஓட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், பாக்கெட் ஒரு இழை கோணல் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் பார்க்க வருகிற நாளென்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவர் எடுக்கப்போகிற சட்டைகளைக் கறைநீக்கும் மருந்து தெளித்துத் துடைத்து, இஸ்திரி போட்டு, மூச்சுக் காற்றுகூடப் படாமல் அடுக்கிவைப்பாள். வெளியாள் பார்க்கிற பொருளில் ஒரு தூசி இருந்தால் அது குடும்பத்துக்கே அவமானம் என்பது அவளுடைய கொள்கை. இருபது வருஷமாக அந்தக் கொள்கைக்குக் கைதட்டல்தான் கிடைத்திருக்கிறது. பிறகெப்படி அதைச் சந்தேகப்படுவாள்?

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். ஓட்டப் பழகுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை மட்டும் நம்பி வாழ்ந்தவர். எத்தனையோ பேர் அவரைச் சுவரில் கொண்டுபோய் மோதப் பார்த்திருக்கிறார்கள். அவர் குரலை உயர்த்தியதில்லை. வீட்டில் பிரேக் அக்காவின் காலில் இருந்தது. அதற்கும் அவர் குரலை உயர்த்தியதில்லை.

அப்படிப்பட்ட மனிதரின் கிட்னி இரண்டும் சேர்ந்தாற்போல் கைவிட்டன. அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். இந்த இடத்தில் எனக்குக் கேலி வராது. வீட்டில் கலந்து பேசி யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். “இதுல யோசிக்க என்ன இருக்கு, ரெண்டு இருக்குல்ல” என்று அங்கேயே முடித்துவிட்டாள். நான் அவள் தம்பி. சாட்சிக் கையெழுத்தை நான்தான் போட்டேன்.

ஆனால் கொடுத்தாளே தவிர, உரிமையை விடவில்லை. கிட்னி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவள் கட்சி. மாமா வெயிலில் நின்றால் “என் கிட்னிக்கு வெயில் ஆகாது” என்பாள். கிரிக்கெட் பார்த்துக்கொண்டு விழித்திருந்தால் “என் கிட்னி தூங்கணும்” என்பாள். மனிதர் தன் வயிற்றிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி ஆகிவிட்டார்.

மாற்றிவைத்த கிட்னியை உடம்பு அந்நியன் என்று நினைத்துத் தாக்கும். அதைத் தடுக்க, உடம்பின் காவல்காரர்களை அரைமயக்கத்தில் வைக்கிற மாத்திரைகளை ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும். காவல்காரர்கள் தூங்கினால் வழியில் போகிற கிருமிகூட உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கொதித்த தண்ணீர், முகக்கவசம், கூட்டம் வேண்டாம், மண்ணைத் தொட வேண்டாம் என்று கிட்னி டாக்டர் நாலைந்து விதிகள் சொன்னார். அக்கா அவற்றைச் சட்டமன்றத்தில் வைத்துத் திருத்தி விரிவாக்கினாள். வாழைப்பழத்தைத் தோலோடு வெந்நீரில் குளிப்பாட்டினாள். செய்தித்தாளை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். நான் போனால் வாசலிலேயே கை, கால், கழுத்து என்று மூன்று கட்டக் கழுவல்.

மாமா ஒரு தடவை இருமினால் போதும். டிவி அணையும், தெர்மாமீட்டர் வரும், ஜன்னல் திறக்கும், எனக்கு போன் வரும். அதற்குப் பயந்தே மனிதர் இருமலை விழுங்கப் பழகிவிட்டார். தொண்டை வரை வருவதைக் கண்ணை மூடி உள்ளே தள்ளுவார். ஏதோ தியானம் செய்கிறார் என்று நான் நினைத்திருக்கிறேன்.

சில வருஷம் இப்படி ஓடியபின், விழுங்க முடியாத இருமல் ஒன்று வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு இளைப்பு, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் உருண்டையாக ஒரு நிழல், அதன் நடுவில் ஓட்டை. உடனே உறவுக்காரர்கள் ஆளுக்கொரு டாக்டரானார்கள். சித்தப்பா டி.பி. என்றார். பெரியம்மா அதைவிடப் பெரியதாக ஒன்றைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றாள். நோயாளியோடு லிஃப்ட் கதவு மூடுகிற நேரம் மட்டுமே செலவழிக்கிற மார்புச் சிகிச்சை டாக்டர், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, டி.பி. போலத்தான் இருக்கிறது, மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்று சித்தப்பாவோடு ஒத்துப்போனார். சித்தப்பா அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

கிட்னி டாக்டர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. டி.பி.க்கான முக்கிய மாத்திரை, கிட்னியைக் காப்பாற்றுகிற மாத்திரையின் சத்தை உடம்பிலிருந்து துரத்திவிடும், டி.பி.தான் என்றால் அளவைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம், டி.பி. இல்லாமலே கொடுத்தால் வியாதியும் போகாது, கிட்னியும் போய்விடும் என்றார். இவரைப் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு யாரும் நினைத்துப் பார்க்காத கிருமியெல்லாம் வரும், அதனால் சளியைக் கொடுத்து அது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். நுரையீரலுக்குள் குழாய் விட்டும் எடுக்கலாம். ஆனால் இவர் மூச்சு இருக்கிற நிலையில் அது கடைசி வழி.

நான் கொரியர் ஆபீசில் வேலை பார்க்கிறவன். ஆகவே சளி டப்பாவை லேபுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு வாக்கெடுப்பே இல்லாமல் என் தலையில் விழுந்தது. அக்கா கொடுத்த டப்பா பளபளவென்றிருந்தது. உள்ளே இருந்ததும் பன்னீர் போலத் தெளிவாக இருந்தது. எனக்கென்ன தெரியும்? கிட்னி மாற்றியவர்களுக்குச் சளி அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன்.

முடிவு வந்தது. கிருமி வளர்ச்சி எதுவும் இல்லை.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நோய் என்னவென்று தெரியவில்லையே என்ற கவலை ஒரு மூலையில் இருந்தது. மற்ற மூன்று மூலையிலும் பெருமை. “என் வீட்டுல கிருமி எப்படி வளரும்?” என்றாள். பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியே தன் வீட்டுச் சுத்தத்துக்குச் சான்று கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இரண்டாவது டப்பாவுக்கும் அதே பதில். மூன்றாவதுக்கும் அதே. ஒவ்வொரு முடிவுக்கும் அக்காவின் பெருமை ஒரு சுற்றுப் பெருத்தது, மாமா ஒரு சுற்று இளைத்தார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. இனியும் காத்திருக்க முடியாது, திங்கள்கிழமைக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் டி.பி. மாத்திரை ஆரம்பிப்பதுதான் வழி என்று கிட்னி டாக்டரும் இறங்கிவந்துவிட்டார். மாத்திரையையும் வாங்கிவைத்தாயிற்று.

இந்த நிலையில்தான் லேபிலிருந்து கூப்பிட்டார்கள். கிருமி ஆராய்ச்சிப் பிரிவின் தலைமை டாக்டரம்மா இத்தனை நாளாக ஊரில் இல்லை. தரத்தை உயர்த்துவது எப்படி என்ற பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாட்களில் தரம் என்ன ஆனது என்பதைத்தான் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்போல. நாங்கள் போனபோது முகம் கடுகடுவென்றிருந்தது. மாமாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருந்தோம்.

மூன்று முடிவுகளையும் மேசையில் வைத்து, இது சளியே இல்லை, வெறும் எச்சில், இதை வாங்கியதே எங்கள் தப்பு என்றார். அக்கா ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினாள். பிறகு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“எச்சிலா இருந்தாலும் கிருமி வளரணும்மா. மனுஷன் வாய்ல கோடிக்கணக்குல இருக்கும், பல் தேய்ச்சாலும் இருக்கும். இவருக்கு ஒண்ணுகூட வளரல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாய நான் பாத்ததில்ல. என்ன பண்ணீங்க?”

அக்கா இதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டாள். ஒளிவுமறைவில்லாமல், ஏன், கொஞ்சம் வெட்கத்தோடுகூட, சொன்னாள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற டப்பாவை யார் யார் தொட்டிருப்பார்களோ என்று கிருமிநாசினி விட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பாளாம். மாமாவை இரண்டு தடவை பல் தேய்க்கச் சொல்வாளாம். பிறகு கிருமிநாசினி போட்டு வாய் கொப்பளிக்கச் சொல்வாளாம். சளி கொஞ்சம் மஞ்சளாக, கெட்டியாக வந்தால் அதைக் கழுவுதொட்டியில் துப்பச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு தெளிவாக வருவதை மட்டும் டப்பாவில் பிடிப்பாளாம்.

சுவரோரம் நின்றிருந்த லேப் ஊழியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

“ஏம்மா?” என்றார் டாக்டரம்மா.

“நாலு பேர் பாக்குறதுக்குப் போகுது. அழுக்கா எப்படிங்க அனுப்புறது?”

திருடனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, போலீஸ் வருவதற்குள் கைரேகையைத் துடைத்துவைத்ததுபோல் என்று டாக்டரம்மா விளக்கினார். கழுவுதொட்டியில் போனதுதான் எங்களுக்கு வேண்டியது என்றார். அக்காவின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெதுவாக முகம் வெளிறியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போலவும் இருந்தது. இரண்டில் ஒன்றையும் செய்யாமல் நின்றேன்.

அடுத்து டாக்டரம்மா மாமாவிடம் திரும்பி வரிசையாகக் கேள்வி கேட்டார். பறவை வளர்க்கிறீர்களா, குதிரை லாயம் பக்கம் போவீர்களா, மண்ணில் வேலை செய்வீர்களா. எல்லாவற்றுக்கும் அக்காவே பதில் சொன்னாள். எங்கள் வீட்டில் பூந்தொட்டிகூடக் கிடையாது, மண் என்பதே கிடையாது என்றாள். மாமா வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார்.

“டிரைவிங் ஸ்கூல்ல இருக்கு” என்றார்.

குட்டு வெளிப்பட்டது. கிட்னி மாற்றியபின் வண்டியில் உட்காரக் கூடாது என்று டிரைவிங் ஸ்கூலில் அவரை ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். செய்ய ஒன்றுமில்லை. பின்பக்கம் பழைய டயர்கள் கிடந்தன. அவற்றில் மண்ணும் மக்கிய குப்பை உரமும் நிரப்பி மிளகாய், தக்காளி, செவ்வந்தி என்று போட்டுவிட்டார். கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. உரக் கட்டிகளை வெறும் கையால் உடைத்து, உதிர்ந்து கிளம்பும் தூசியில் நின்று தண்ணீர் ஊற்றுவாராம். வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் நகக்கண் வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவார். ஒரு இழை கோணலைக் கண்டுபிடிக்கிற அக்காவால் இத்தனை வருஷத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகக் கழுவ அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

“என் கிட்னிய உள்ள வெச்சுக்கிட்டு குப்பையக் கிண்டுனீங்களா?” என்றாள் அக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மாமா தலைகுனிந்துகொண்டே சொன்னார்: “அங்க மட்டுந்தான் கை கழுவுன்னு யாரும் சொல்லல.”

அந்த ஒரு வரியில் இத்தனை வருஷமும் இருந்தது. டாக்டரம்மாதான் குறுக்கே புகுந்து, சண்டையைத் தள்ளிப்போடலாம், சளி உடனே வேண்டும் என்றார். மண் என்று கேட்டதும் அவர் கண்ணில் ஏதோ பளிச்சிட்டதை நான் கவனித்தேன்.

பக்கத்திலிருந்த சின்ன அறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் மூக்கிலும் வாயிலும் உப்புநீர்ப் புகையை விட்டார்கள். ஆழமாக மூச்சிழுத்து அடிவயிற்றிலிருந்து இருமச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. இருமல் வந்தது, தொண்டையில் ஏறியது, பார்வை அக்கா பக்கம் போனது, கண்ணை மூடி விழுங்கினார். அக்காவை வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். அப்போதும் கதவைப் பார்த்துவிட்டு விழுங்கினார். பழக்கம் அவ்வளவு ஊறியிருந்தது. மூச்சு வாங்கி உதடு வெளுத்துப்போனது. இன்னும் ஒரு முயற்சிதான், அதற்கு மேல் அவருக்குத் தெம்பில்லை என்றார் டாக்டரம்மா.

அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். ஊழியர் கையிலிருந்த டப்பாவை வாங்கினாள். அதைக் கழுவவில்லை. முகக்கவசம் மட்டும் போட்டுக்கொண்டு மாமாவின் எதிரில் மண்டியிட்டு, டப்பாவை அவர் வாய்க்கு அருகில் பிடித்தாள்.

“இருமுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என் மேல பட்டாலும் பரவாயில்ல, இருமுங்க.”

மாமா அவளை நம்பமுடியாமல் பார்த்தார். பிறகு இருமினார். சில வருஷங்களாகச் சேர்த்துவைத்த எல்லா இருமலும் ஒன்றாகக் கிளம்பியதுபோல இருந்தது அது. டப்பாவில் கொஞ்சம், அக்காவின் கையில் கொஞ்சம், புடவையில் கொஞ்சம். மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருந்த அதை டாக்டரம்மா வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, நல்ல சளி என்றார். அக்கா கையைத் துடைத்துக்கொள்ள மறந்துபோய் நின்றாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். தெருவில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்றைக்கே சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். மெல்லிய இழைகள், கிளை கிளையாகப் பிரிந்து, செடியின் வேர்போல இருந்தனவாம். டி.பி. கிருமிக்குப் போடுகிற சாயத்தை அரைமனதாகத்தான் பிடித்துக்கொண்டனவாம். அவசரக்காரர் பார்த்தால் டி.பி. என்றே எழுதியிருப்பார். மண்ணில் வாழ்கிற நோக்கார்டியா என்ற கிருமியாகத்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மண்ணைக் கிண்டுகிற எல்லோர் மூச்சிலும் அது போகும், வரும், ஒன்றும் செய்யாது. காவல்காரர்கள் தூங்குகிற உடம்பில் மட்டும் குடித்தனம் போட்டுவிடும். அதற்கான மாத்திரையை கிட்னி டாக்டர் அன்றைக்கே ஆரம்பித்தார். மூளைக்கும் பரவக்கூடிய கிருமி என்பதால் தலையை ஸ்கேன் செய்தார்கள். நல்லவேளையாக அங்கே ஒன்றுமில்லை. மார்பு டாக்டர் மட்டும் சமாதானமாகவில்லை. லேபில் கிருமி வளர்க்கிற தட்டில் அது வளர்ந்து நிரூபணமானால்தான் நம்புவேன், இந்த வாரத்துக்குள் வளராவிட்டால் டி.பி. மாத்திரையையும் சேர்க்கத்தான் வேண்டும் என்று நின்றார்.

அந்த லேபில் இரண்டு நாளில் எதுவும் வளராவிட்டால் தட்டைக் குப்பையில் போட்டுவிடுவது வழக்கம். சோம்பேறிக் கிருமிகளுக்கு அங்கே இடமில்லை. நோக்கார்டியா மெதுவாக வளர்கிற ஜாதி. டாக்டரம்மா தட்டின் மூடியில் ‘தொட்டால் தொலைந்தாய்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாராம். இந்தப் பக்கம் அக்கா காலையில் எழுந்ததும் லேபுக்கு போன் போட ஆரம்பித்தாள். “வளந்துச்சாங்க?” என்று கேட்பாள். இல்லை என்றால் சோர்ந்துபோய் உட்காருவாள். ஆயுசு முழுக்கக் கிருமியை ஒழிக்கப் பிறந்தவள் ஒரு கிருமி நல்லபடியாக வளர வேண்டுமே என்று தவம் கிடந்தாள். சிரிக்கிற விஷயம்தான். அவள் எதிரில் சிரிக்க எனக்குத் தைரியமில்லை.

வாரக் கடைசியில் டாக்டரம்மாவே போன் செய்தார். சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக வளர்ந்திருக்கிறதாம்; திறந்தால் மழை பெய்த மண்வாசனை வருகிறதாம். நோக்கார்டியாதான், சந்தேகமில்லை. மார்பு டாக்டர் செய்தியைக் கேட்டு, தனக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது என்றார். சித்தப்பாவும் அதையேதான் சொன்னார்.

காய்ச்சல் இறங்கியபின் கிட்னி டாக்டர் அறைக்கு வந்தார். மாத்திரையை ஒரு வருஷமாவது விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். போகிறபோது, நல்ல மனதோடுதான், ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் திங்கள்கிழமை டி.பி. மாத்திரையை ஆரம்பித்திருந்தால் கிட்னி போயிருக்கும், அநேகமாக இவரும் போயிருப்பார், உடம்பு கிட்னியை ஏற்றுக்கொள்ளவில்லை என்று எழுதி முடித்திருப்போம், காரணம் யாருக்கும் தெரிந்திருக்காது என்றார்.

கதவு மூடியது. அக்கா கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“நானே உங்களக் கொன்னிருப்பேங்க” என்றாள்.

மாமா தலையணையைச் சரிசெய்துகொண்டார். “உள்ள இருக்கிறதுல ஒண்ணு உன்னுதுதானே. பாதிக் கொலை, பாதித் தற்கொலைன்னுதான் கேஸ் போடுவாங்க” என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாமாவும் சிரித்தார். சிரித்ததில் அவருக்கு இருமல் கிளம்பியது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“விழுங்காதீங்க” என்றாள் அக்கா. அவர் இருமி முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.